லிப்ட் ஏழாம் மாடிக்கு வரும்வரை

முடி கொட்டுமோ என்பதுதான் முதல் கேள்வி.
கொட்டாது.
கொட்டாத முடி எங்கே போகிறதென்று ஒருவரும் கேட்பதில்லை.
முடிச்சாகிறது:
காதுக்குப் பின்னே, கக்கத்தில், வாலடியில்.
இரவுச் செய்தி ஓடும்போது இரும்புச் சீப்போடு
நான் அவிழ்க்கிறேன்.
வானிலை சொல்வதற்குள் இடது பின்னங்கால் முடியவேண்டும்.

வெள்ளை நாய்க்கு மிளகு என்று யார் பெயர் வைத்தது?
நானில்லை. ஐந்தாம் மாடி நிர்த்தனா, எட்டு வயது.
மெல்பேர்னுக்குப் போன அன்று
பாதி மூட்டைத் தீனியும் தடுப்பூசிப் புத்தகமும்
ஒரு சீப்பும் தந்தார்கள்.
ஆறு மாதம் அங்கிள், கடுதாசியள் சரிவந்ததும் எடுப்பிப்பம்
என்றார் தகப்பன்.
இப்போது இருப்பது மூன்றாவது சீப்பு.

என்ன இனம்?
ஹவானீஸ்.
எந்த ஊர்?
கியூபா.
ஊரிலை எவடம்? என்றார் சொர்ணலிங்கம்,
பழக்கத்தில் வாய் தவறி.
ஹவானா டவுன்தான் என்றேன்.
திருப்தியாகத் தலையாட்டினார்.

முப்பத்திரண்டு வருஷம் காப்புறுதிக் கந்தோரில்
கேள்வி கேட்கிற பக்கம் இருந்தவன் நான்.
புகைப்பீர்களா, நெஞ்சு நோவு உண்டா,
தகப்பன் எத்தனை வயதில், எதனால்.
இப்போது லிப்ட் வாசலில்
மற்றப் பக்கம்.

வெக்கை தாங்குமோ?
தாங்கும், அதுவும் தீவில் பிறந்த சாதிதானே.
ஆனால் ஏப்ரலில் குளியலறைத் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.
கரண்ட் போனால் என் முகத்தைப் பார்க்கும்
மின்சார சபை நான்தான் என்பதுபோல.

குரைக்குமோ?
வெள்ளவத்தை ரயிலுக்கு இல்லை.
சூன் பாண் வண்டிக்கு,
அந்தப் பாட்டு ஒழுங்கை முனை திரும்பு முன்பே.

கடிக்குமோ என்று கேட்பவர் காவலாளி ரத்னசிறி.
மூன்று வருஷமாய்
அதன் வயிற்றைச் சொறிந்தபடியே கேட்கிறார்.

நாலாம் மாடி பலீலா ராத்தா
நாயோடு லிப்டில் ஏறுவதில்லை.
பேசி வைத்த ஒப்பந்தம் அல்ல.
அவர் போவார், நாங்கள் அடுத்ததில்.
புதுவருஷ வெடி ஓய்ந்த பின்னிரவு
படியில் நின்று கேட்டார்:
சின்னதுக்கு எப்படி?
கட்டிலுக்குக் கீழே, இன்னும் நடுங்குது.
நீங்க?

விலை கேட்டவர்கள் உண்டு, வயது கேட்டவர்கள் உண்டு.
இதற்கு என்னிடம் பதில் தயாராக இருக்கவில்லை.
நானும் கட்டிலில்தான் இருந்தேன், மேலே, என்றேன்.
கையை மட்டும் கீழே தொங்கவிட்டு.

தனிய விடலாமோ?
நாலு மணித்தியாலம்.
அதன்பின் கதவைச் சுரண்டும்.
மருமகளின் கலியாணத்துக்கு வவுனியா போகவில்லை நான்.
காரணம் காய்ச்சல் என்று சொன்னேன்.
குளியலறைக் கதவையும் இப்போது சாத்துவதில்லை.

எத்தனை வருஷம் இருக்கும்?
பதினாலு, பதினைந்து.
மிளகுக்கு ஐந்து முடிந்தது.
எனக்கு அறுபத்தேழு.
அட்டவணை இன்னும் மனப்பாடம். மனதுக்குள் கூட்டிக் கழித்தேன்,
பிறகு வாரைப் பூட்டிக்கொண்டு
மரைன் டிரைவுக்கு நடந்தோம்.
உப்புக்காற்றில் அவிழ்த்ததெல்லாம் மறுபடி முடிச்சாயிற்று.

திரும்பி வரும்போது
லிப்ட் ஐந்தில் நின்றால்
மிளகு ஒரு காலை வெளியே வைக்கும்.
முந்தி நாலு காலையும் வைக்கும்.
நான் வாரை இழுப்பதில்லை.
கதவு மூடுமுன் அதுவாகவே எடுத்துவிடும்.