கேள்வி பதினான்கு

சின்னப்பாலத்தில் மணி பதினொன்று.
பாசி எடுத்துக் கரையேறியவள்
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்கிறாள்
ஒவ்வொன்றாக.
பெயர்? சீனியம்மாள்.
வயது? அட்டையில் ஐம்பத்திரண்டு.

நேற்று சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.
விடியலில் வரக்காப்பி. வள்ளத்தில் பழைய சோறு.
வந்து சோறு. ராத்திரியும் அதுதான்.
மீன்?
"விலை போற மீனுக்கு என் வீட்டு வழி தெரியாது தாயி.
கெடச்சா சூடை."

அளவுக் கிண்ணத்தை நீட்டினேன்.
கவிழ்த்துப் பார்த்தாள்.
"பூனைக்கு வைக்கிறதா?"

கேள்வி பதினான்கு:
சீனி, நாளைக்கு எத்தனை ஸ்பூன்?
"என் பேரையே கேக்குறியே!"
சிரித்து ஓய்ந்தபின்
தணிந்த குரலில் கேட்டாள்.
"எங்க ஓரகத்தி மாருல கட்டி வந்துதான் போனா.
இந்தச் சோத்தாலயா?"

என்னிடம் இருந்தது இவ்வளவுதான்:
ஆயிரமாயிரம் பெண்களின் தட்டுகளை
ஆண்டுக்கணக்கில் எண்ணினால்
சில இடங்களில் கோடு லேசாகச் சாய்கிறது,
சில இடங்களில் சாயவே இல்லை.
செத்தவள் அதில் எந்தப் புள்ளி என்று
எந்தத் தாளும் சொல்லாது.

கட்டி தட்டுப்பட்டால்
அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன்.
உப்பில் வெளுத்த விரல்களை மடக்கினாள்:
பஸ் காசு,
ஒருநாள் பாசி,
துணைக்கு வருபவளின் ஒருநாள் பாசி.

அதற்குள் மகள் டீ கொண்டுவந்தாள்.
முதல் மடக்கிலேயே தொண்டை திகட்டியது.
வந்தவளுக்கென்று
டப்பாவைச் சுரண்டியிருக்கிறாள்.
எத்தனை ஸ்பூன் என்று கேட்க
வாய் வரவில்லை.

கேள்வி பதினான்கு
காலியாகவே இருந்தது.
மணல் ஒட்டிய டம்ளரில்
கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.