கணக்கில் வராத பை

லாரன்ஸ் ரோட்டில் பேரம் பேசி வாங்கியவை:
வாசனை ரப்பர், குட்டி டார்ச்,
நாலு மிட்டாய், ஜிகினாப் பை.
மாடிவீட்டு நஸ்ரீன்
தம்பியையும் கூட்டி வந்ததில்
கடைசிப் பையும் போயிற்று.

பலூன் கிழிசல்களைப் பெருக்குகையில்
இதழினி கேட்டாள்:
"என்னுது எங்க?"

கட்டில் நிறையப் பரிசு.
மூன்று ஜியோமெட்ரி பாக்ஸ்.
"எல்லாமே உன்னுதுதானடி."
"அது வந்தவங்க குடுத்தது.
போறவங்களுக்குக் குடுப்பியே, அது?"

துடைப்பத்தோடு நின்றேன்.

செருப்பு மாட்டி வெளியே போய்
காலிங் பெல் அடித்தாள்.
"வாங்க" என்றேன்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
அட்டையில் ஒட்டிய கேக்கைச்
சுரண்டித் தின்றாள்.
பிறகு எழுந்து,
"நேரமாச்சு ஆன்ட்டி,
அம்மா தேடுவாங்க."

மருந்துக்கடைக் கவரில்
கைக்கு அகப்பட்டதைப் போட்டேன்:
மூடியில்லாத ஸ்கெட்ச் பேனா,
ஒரு பிடி பண்ருட்டி முந்திரி,
திரி கருகிய
எட்டாம் நம்பர் மெழுகுவத்தி.

"தேங்க்யூ ஆன்ட்டி."
படியிறங்கிப் போகிறாள்.
தேவனாம்பட்டினத்துக் காற்றில்
கவர் படபடக்கிறது.
தெருவிளக்கடியில் நின்று
உள்ளே எட்டிப் பார்க்கிறாள்,
ஒவ்வொன்றாக எடுத்து.

இன்னும் திரும்பவில்லை.
கதவைப் பிடித்தபடி
தேடிக்கொண்டிருக்கிறேன்,
அவள் சொன்ன அம்மாவாக.