ஒதுங்க ஓரிடம்

எழுபத்தொன்றில் வார்த்த முட்டை எங்கள் வண்டி.
கண்ணாடியிழை ஓடு. மூக்கிலிருந்து வால்வரை பதின்மூன்று அடி.
முன்பு வைத்திருந்தவர் அதில் கோழித்தீவன மூட்டை அடுக்கியிருந்தார்.
எலிகளுக்குப் போக மிச்சத்தை
நானூறு டாலருக்கு வாங்கினோம்.

அடுப்பு பொருத்தியாயிற்று. மெத்தையுறை நானே தைத்தேன்.
ஜன்னல் ரப்பர் வின்னிபெக்கிலிருந்து தபாலில் வந்தது.
கழிப்பறை என்ற சொல்லை மட்டும்
ஆர்மின் வாய்தவறியும் சொல்லவில்லை.
“வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கே, வெர்லா.”
இருக்கிறது. இரவு பத்துக்கு மூடுகிறது.

பிப்ரவரியில் அறுவை. அதிலிருந்து
இரவில் மூன்று முறை எழுகிறார்.
நான் எண்ணுவது அவருக்குத் தெரியாது.

இரட்டைத் தொட்டி ஒன்று பார்த்தேன்:
மேலே நீர், கீழே மற்றது, நடுவில் ஒரு தகடு.
நீலத் திரவம் ஊற்றினால் வாடையே வராது என்றான் கடைப்பையன்.
டுவைட் கோசாக் வண்டியில் அந்தத் தகட்டை யாரோ மூட மறந்து,
டாஃபின் போகும் சரளைச் சாலை முழுக்கக் குலுங்கி...
அந்தக் கோடையில் அவனை
ஒரு வீட்டிலும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

வெளியிலிருந்து கதவு திறந்து உருவும் வகை சுத்தம்தான்.
ஆனால் ஓட்டை அறுக்கவேண்டும்.
“ஐம்பது வருஷம் உடையாத முட்டை” என்று
ஆர்மின் ரம்பத்தையே ஒளித்துவைத்தார்.
அறுத்தது போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

உரமாக்கும் ரகம் ஒன்று.
சிறுநீருக்குத் தனி வழி; மற்றதைத்
தென்னை நார்த்தூளில் போட்டுப் புரட்ட ஒரு கைப்பிடி.
எந்தக் கடலோரத்துத் தென்னையோ,
இந்தக் கோதுமைச் சீமைக்கு வந்து
எங்களைக் கட்டியணைக்க இருந்தது.
விலை, வண்டியைப்போல் மூன்று மடங்கு.

கடைசியில் வாளி. மூடி, பை, மரத்தூள்.
“பால் கறக்கிற வாளி மாதிரி இருக்கு” என்றார்.
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காலைக்கடனை
வங்கிக்கடன்போல் தவணை கேட்டுத் தள்ளமுடியாது.
இந்தக் கடன்காரன் நடுராத்திரியிலும் கதவைத் தட்டுகிறான்.
ஒதுங்குவது என்று நாசூக்காகச் சொல்கிறோம்.
பதின்மூன்று அடியில்
யாரிடமிருந்து ஒதுங்க, எந்தப் பக்கம் ஒதுங்க?
முப்பத்தெட்டு வருடம் ஒரே கட்டில்.
ஆனாலும் அந்த ஒரு காரியத்துக்கு
ஒரு சுவர் இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது.
குழாயைத் திறந்துவிட்டு, கூடவே இருமவும் செய்கிற மனிதர் அவர்.

அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி வெட்டினேன்.
மேசையடியில் வைத்தால் முழங்கால் இடித்தது.
வாசலருகே வைத்தால் வாசலே திறக்கவில்லை.
மிச்சம் அந்த ஒற்றை அலமாரி,
பதினெட்டு அங்குல அகலம்,
உள்ளே அவருடைய தூண்டில்கள்.
நான் கேட்கவில்லை.

ஏப்ரலில்தான் கவனித்தேன்,
மதியத்துக்குப் பிறகு அவர் தண்ணீரே குடிப்பதில்லை.
பயணத்துக்குப் பழகுகிறாராம்.
ஒரு தம்ளர் நிரப்பி அவர் முன்னால் வைத்துவிட்டு
பனி வழிக்கப் போனேன்.

மறுநாள் கராஜ் ஆணியில் தூண்டில்கள் தொங்கின.
வண்டிக்குள் ஆளில்லை. அலமாரிக்குள்ளிருந்து குரல்:
“கதவு மூடுது, வெர்லா.
முட்டியைத்தான் கொஞ்சம் சாய்ச்சுக்கணும்.”
இருட்டில், அட்டைப்பெட்டிமேல், தொப்பியோடு.

இரட்டைத் தொட்டியே வாங்கினோம், சின்னது.
தகட்டுக்கு நான் ஒரு கொக்கி போட்டேன்.

மே மாதம். ஏரிக்கரை. இரவு இரண்டு மணி.
முட்டை லேசாக ஆடியது. அலமாரிக் கதவு.
திறந்துவிடக் குழாய் இல்லை. அவர் இருமவுமில்லை.
தூங்குகிறவள்போல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன்,
பாதியில் சிரித்துவிட்டேன்.
உள்ளேயும் சிரிப்புச் சத்தம்.

காலையில் கொட்டும் இடத்துக்கு அவரே தூக்கிப்போனார்,
இரண்டு கையாலும், தளும்பாமல்,
தேவாலய விருந்துக்குச் சூப்புப் பானை கொண்டுபோவதுபோல்.
எதிரே வந்த ஒருவர், வண்டி எந்த வருஷத்தது என்று கேட்டார்.
ஆர்மின் அதைக் கீழே வைக்காமலே நின்று
கோழித்தீவனத்திலிருந்து தொடங்கினார்.