பழைய எண் ஒன்பது, புதிய எண் பதினாலு

முன்வாசல் கோர்ட்டில் இருக்கிறது.
பங்காளிகள் ஏழு பேர், பூட்டுகள் நான்கு,
வாய்தா தேவகோட்டையில்.
நாங்கள் வாடகைக்கு இருப்பது பின்கட்டு.
கண்டனூரில் ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில்தான் முடியும்.
முகவரி சொல்வதற்குள் மூச்சு வாங்கும்:
பழைய எண் ஒன்பது, புதிய எண் பதினாலு,
வாசல் அந்தத் தெரு, வரவேண்டியது இந்தத் தெரு.

இணையக் கம்பெனியும் அப்படித்தான்
எண்பதாம் கதவைச் சாத்தி வைத்திருந்தது.
"வீட்டுக் கனெக்‌ஷன்ல அதெல்லாம் திறக்காது மேடம்,
பிசினஸ் பிளான் போட்டுக்கங்க"
என்றாள் முகம் தெரியாத ஒருத்தி.
நான் எட்டாயிரத்து எண்பதைத் திறந்துகொண்டேன்.
பின்வாசல் எனக்குப் புதிதா என்ன.

சர்வர் என்று பெரிதாகச் சொல்கிறேன்.
ரைஸ்மில்லில் கழித்துக்கட்டிய லேப்டாப்,
பேட்டரி உப்பிக் கழற்றி எறிந்தது.
சமையல்கட்டுத் தரையில், பூக்கல் குளிர்ச்சியில்,
அடியில் காற்றுப் போக நான்கு சோடா மூடி.
சுவர் இரண்டரை அடி கனம், வைஃபை நுழையாது;
அரிசி டின்னுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறது
கறுப்பு வயர்.
அதன் சூட்டில் ஒரு பல்லி குடியிருக்கிறது.
அதற்கு வாடகை இல்லை.

வேலை ஒன்றே ஒன்று.
அடைக்கலம் தண்ணீர் வால்வைத் திறந்ததும்
என் பழைய போனுக்கு மிஸ்டு கால் விடுவார்.
ஒரு ரிங் மேலத்தெரு,
இரண்டு ரிங் பள்ளிவாசல் தெரு,
மூன்று விட்டால் எங்களுடையது.
போன் லேப்டாப்பிடம் சொல்லும்,
லேப்டாப் கேட்டவர்களுக்குச் சொல்லும்.
நேரம் அவர் கையில் இல்லை, கரண்டின் கையில்.
இரவு ஒன்றரைக்கும் வரும், நாலுக்கும் வரும்.

முதலில் நான் மட்டும் பார்த்தேன்,
பிறகு மில் எடைமேடையில் என்னோடு இருக்கும் ஜெசிந்தா.
இப்போது நூற்றுப் பன்னிரண்டு வீடு.
கம்பெனி தருவது வாங்க நூறு எம்.பி., கொடுக்க ஐந்து;
தின்ன மட்டும் தெரிந்தவர்கள் என்று
எங்களைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
"மேலத்தெரு, 1.45."
இந்த ஒரு வரிக்கு ஐந்தே அதிகம்.

ஆடிக் காற்றில் ஒரு ராத்திரி கரண்டு போய் வந்தது.
வந்த கரண்டில் ரவுட்டர் கண் விழித்தது,
கம்பெனி அதற்கு வேறு எண் கொடுத்திருந்தது.
சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை.
பழைய எண்ணை நம்பித் தட்டியவர்களுக்கு
வெறும் வெள்ளைத் திரை.
தண்ணீர் இரண்டு மணிக்கு வந்து
யாரையும் எழுப்பாமல் போய்விட்டது.

விடிந்ததும் பின்கதவைத் தட்டினாள் நூர்ஜமீலா,
இடுப்பில் ஒன்று கையில் ஒன்று, இரண்டும் காலி.
"ராத்திரி அவர் போன் பண்ணலை.
பக்கம் திறக்கலையாம்."
எந்த அவர்?
ஷார்ஜாவில் இருக்கிறவர்.
இங்கே ஒன்றே முக்கால் என்றால் அங்கே பன்னிரண்டே கால்;
ஷிப்ட் முடிந்து படுக்கும் முன் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு
எந்திரி, தண்ணி வந்துருச்சு என்பாராம்.
தினமும்.
லாகில் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன்,
எவனோ திருடன் என்று இரண்டு முறை தடுத்தும் இருக்கிறேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

"நம்பர் மாறிருச்சு" என்றேன்.
"எங்க வீட்டுக்குந்தான் மாத்துனாங்க.
பழசையும் சேர்த்து எழுதிட்டா
போஸ்ட்மேனு வந்துர்றாரு.
ஒங்க மிஷினுக்கு அதுகூடத் தெரியாதா?"

தெரியாது. கற்றுக்கொடுத்தேன்.
இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
வெளியே யாரையோ கூப்பிட்டுக் கேட்கிறது:
அங்கிருந்து பார்த்தால் என் எண் என்ன?
பதில் மாறியிருந்தால்
போஸ்ட்மேனுக்குச் சொல்லிவிடுகிறது.

தூக்கம் வராத இரவில் லாகைத் திறந்து உட்காருவேன்.
எந்தெந்த நாட்டிலிருந்தோ பூட்டை ஆட்டிப் பார்க்கிறார்கள்:
அட்மின், அட்மின், ரூட், ரூட், ஒன்று இரண்டு மூன்று நான்கு.
திறந்தால் கிடைக்கப்போவது
வால்வு திறந்த நேரங்கள்.
இடையில் ஷார்ஜா ஒருமுறை வந்து போகிறது.
ஜெசிந்தா இரண்டு முறை.
ஓடுகிற வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
மூன்று ரிங் அடித்து ஓய்ந்திருக்கிறது.
முற்றத்தில் குழாய் வழிகிற சத்தம் கேட்டுத்தான்
தெரிந்தது, எங்கள் தெரு.