பதினொரு நிமிடம்

பிரிஸ்டல், பிப்ரவரி. ஹீட்டர் ஓடவில்லை.
நான்கு எபிசோடையும் ஒரே படமாக்கச் சொல்லிவிட்டு
லண்டன் ரயிலேறிவிட்டார் டெஸ்மண்ட் ஆர்க்கர்ட்.

"தொடரும்" அட்டைகளை முதலில் வெட்டினேன்.
பாறை விளிம்பில் ஏழு நாள் தொங்கவேண்டிய கேப்டன்
மூன்றே ஃபிரேமில் மேலே வந்துவிட்டான்.
மூச்சு வாங்கவில்லை; மரத்துக்கு ஏது மூச்சு.

சிக்கல் டாக்டரால் வந்தது.
இரண்டாம் எபிசோடில் சுறா விழுங்கிய கொள்ளைக்காரனுக்கும்
நான்காவதில் ஊசி போடும் டாக்டருக்கும் ஒரே தலை,
மீசைதான் வேறு.
நடுவே இரண்டு வாரம் இருந்தவரை
எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை.
இப்போது பதினொரு நிமிடம்.

குரல் கொடுத்த பெர்சி போன வருஷமே போய்ச்சேர்ந்தார்.
பழைய டேப்பில் அவர் சொன்ன ஓர் "அண்ணன்" கிடைத்தது.
ஒட்டினேன்.
டாக்டர் இப்போது செத்தவனின் தம்பி.

திரையிட்டபோது, கட்டிலருகே குனிந்த டாக்டரின் இமை
நூல் தளர்ந்து மெல்ல மூடியது.
துக்கமேதான். அதை வெட்டவில்லை.