பதினாலு நாள்

எப்போதும் மடிப்பில்தான் விடும் என்றாள் நெர்மின்.
உள்ளிருந்து விரலை நுழைத்து
வெளியே ஆட்டிக் காட்டினாள்.
என் கூரையில் முளைத்த விரல்
எனக்கே டாட்டா சொன்னது.

வூப்பெர்டாலில் மழை
தொங்குரயிலின் வயிற்றிலிருந்து சொட்டும்.
நின்ற பிறகு மரங்களிலிருந்து சொட்டும்.
அப்புறம் என் இடது தோளில்,
சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும்.
பச்சை விழுந்தால்
பின் சீட்டுக்கு ஓடிவிடும்.

"இந்த ஊரில கூரை திறக்கிற காரோ?
மீன் தொட்டிக்கு யன்னல் வைச்ச மாதிரி."
வாங்கிய அன்றே தவபாலன் அத்தான்.
மூன்று முறை தோற்று
நாலாம் முறை லைசென்ஸ் எடுத்தவளுக்குத் தெரியும்
என்ன வாங்குவதென்று.

ஒன்பது வருடம். திறந்தது பதினொரு தடவை.
பெல்ஜியம் எல்லை வரை ஒருமுறை.
அலமாரி ஏற்ற ஒருமுறை.
இரவு வேலை முடிந்த ஒரு விடியலில்
டயாலிசிஸ் வார்டு வாசனை
முடியை விட்டுப் போகட்டும் என்று.
மற்றதெல்லாம் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க.

பாசியைப் பல் பிரஷால் தேய்த்தேன்,
பாசியோடு நூலும் வந்தது.
பின்பக்கப் பிளாஸ்டிக்கில் புரை விழுந்து
துரத்தும் லாரிகளெல்லாம் மஞ்சள் ஆவிகள்.
வெள்ளி டேப் ஒட்டினேன்.
டேப்பின் மேல் டேப்.
ஒட்டின இடம் தாங்கும்,
பக்கத்து இடம் போகும் என்றாள்.

விலையும் சொன்னாள்.
காரை விற்றாலும் நூற்றைம்பது யூரோ குறையும்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?
சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
பழையதை உரித்தாள்.
கம்பி விலா எலும்புகளோடு
குளிக்கப் போகிறவள் போல நின்றது கார்.
பின் மூலையில் ஒரு துளைக்குள் கம்பி விட்டுக் குடைந்தாள்.
ஒரு கை நிறைய லிண்டன் இலைக் கூழ்.
பாதித் தண்ணீர் துணி வழியாக வரவில்லை,
இதன் வழியாகப் போகாமல் நின்றது என்றாள்.

மூன்று வருடமாக நான் திட்டியது
துணியை.
அது மூலையில் சுருண்டு கிடந்தது.

புதியது கரும்பச்சை. அவ்வளவு விறைப்பு.
அவள் முழங்காலை ஊன்ற, நான் தொங்க,
சூட்டுக்காற்று ஊதி ஊதி
ஏழாம் தடவை கொக்கி விழுந்தது.

பதினாலு நாள் திறக்காதே.
துணி தன் அளவை எட்டட்டும்.
இப்போது மடித்தால் சுருங்கும்,
பிறகு என்னிடம் வந்து அழாதே.

கராஜை விட்டு வெளியே வந்தேன்.
வெயில்.

மறுநாளும். அதற்கு மறுநாளும்.
பார்மெனில் ஐஸ்கிரீமுக்கு வரிசை தெரு முனை வரை.
பேருந்தில் யாரோ சட்டையைக் கழற்றினார்கள்.
விளக்கில் பக்கத்தில் வந்து நின்றது
ஒரு திறந்த கார், ஒரு நாய், இரண்டு கறுப்புக் கண்ணாடி.
கூரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.
நான் பசை வாசனைக்குள்
வேர்த்துக்கொண்டிருந்தேன்.
பச்சை விழுந்தது.

பதினைந்தாம் நாள்
விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்டது.
சிவப்பில் நின்றேன். தோள் தானாக ஒதுங்கியது.
ஒன்றும் விழவில்லை.
விறைத்த துணியில் மழை
உளுந்து கொட்டுகிற மாதிரி.

ஈரத்தில் மடிக்கவும் கூடாது என்றிருந்தாள்.
ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில், யாருமில்லை,
ஒரே ஒரு சாண் திறந்தேன்.
நெற்றியில் இரண்டு சொட்டு.
மூடினேன்.

இதைப் பன்னிரண்டு என்று எழுதலாமா?