வஞ்சிரம் இல்லை

மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில்
மூன்று நாள் கிடந்தது பெட்டி.
படிவத்தின் ஏழாவது வரி கேட்டது:
மனித உடற்பகுதியா? ஆம் / இல்லை.
பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.

எழுத்து வரிசை மனிதனுடையது.
செய்து தந்தவை,
என்றோ யாரிடமிருந்தோ எடுத்து
இன்னும் சாகத் தெரியாமல்
குடுவைகளில் பெருகும் சிறுநீரகச் செல்கள்.
நடுவில் ஆள் என்று யாரும் இல்லை.
‘இல்லை’யைச் சுழித்தேன்.
முத்திரை விழுந்தது, மசி காயாமல்.

ஐஸ் பைகள் வெந்த கிழங்காய்க் குழைந்திருந்தன.
தெர்மோகோல் பெட்டியை மடியில் இருத்தி
தரமணிக்கு ஆட்டோ பிடித்தேன்.
கத்திப்பாரா வளைவில்
கண்ணாடி வழியே கேட்டார் கன்னியப்பன்:
“இன்னா மேடம், வஞ்சிரமா?”
மீன் இல்லை, மருந்து மாதிரி என்றேன்.

அந்த ‘மாதிரி’யைச் சொல்லியிருக்கக் கூடாது.

“வூட்ல அவளுக்குக் காலீல எய்ந்தா
வெரலு மடங்காது மேடம்.
டம்ளரக் கூட ரெண்டு கையால தூக்குறா.
ஸ்டான்லில சொன்னாங்கோ
அவ ஒடம்பே அவள அடிக்குதாம்.
காவக்காரனே வூட்டக் கொளுத்துவானா?”

கொளுத்துவான்.
‘தீ’ என்று ஒரு சேதி வரும்,
செல்லின் சுவரில் நீட்டிய செவி அதைக் கேட்கும்,
கேட்டதை உள்ளே சொல்லும்,
உள்ளே எல்லாம் எரியும்.
என் மடியில் இருப்பது
அந்தச் செவி மட்டும்.
சுவரோடு ஒட்டிய அடியை வெட்டிவிட்டார்கள்.
நுனியில் ஆறு ஹிஸ்டிடின்,
பிடித்து இழுக்க ஒரு குடுமி.
இதற்கும் கேட்கும்.
சொல்ல உள்ளே என்று ஒன்று இல்லை.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை.
இதே வகையில் ஊசி உண்டு என்பதையும்.
அதன் விலை
சின்னமலை தாண்டும்வரை
நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது.
“ஏதாச்சும் இருந்தா ஒரு போன் போடுங்கோ.”
எண்ணைச் சேமித்தேன்:
கன்னியப்பன் ஆட்டோ வஞ்சிரம்.

குப்பியில் ஒன்றுமே தெரியாது.
ஐம்பது மைக்ரோகிராம்.
போன வருடம் புதிதாய் வந்த பையன் ஒருவன்
காலி என்று குப்பையில் போட்டான்,
கையுறைகளுக்கு நடுவே துழாவி எடுத்தோம்.
சுழற்றி இறக்கி,
உப்புநீர் விட்டு,
குலுக்காமல் காத்திருக்க வேண்டும்.
பங்கு பங்காய்ப் பிரித்து உறைய வைத்தேன்.
ஒருமுறை உருகியதை
மறுபடி உறைய வைக்கலாகாது.
லேபிளில் பொடி எழுத்து:
ஆய்வுக்கு மட்டும். மனிதருக்கு அன்று.

தட்டில் தொண்ணூற்றாறு குழி,
குழிதோறும் எலியின் செல்கள்.
எல்லாவற்றுக்கும் சாகச் சொல்லும் சேதியை அனுப்பினேன்.
கீழ் நான்கு வரிசைக்கு மட்டும்
இந்தச் செவியையும்.
இரவு இருமுறை கரண்ட் போய் வந்தது.
ஜெனரேட்டர் ஒரு கணம் திக்கி,
பிறகு பேசியது.

காலையில் மஞ்சள் சாயம் விட்டேன்.
நான்கு மணி நேரம்.
மேல் வரிசைகள் மஞ்சளாகவே கிடந்தன.
கீழே நாவல்பழம்,
சட்டையில் பட்டால் போகாத அந்த நிறம்,
குழி குழியாக.
யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது.
அறையில் ஏ.சி.தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் வேறொரு பெட்டி.
அந்த எண்ணுக்கே அடித்தேன்.
டைடல் பார்க் சிக்னலில் வண்டி நின்றது.
“அது இன்னாச்சு மேடம்?”
பிடிக்கிறது என்றேன்.
“எத்த?”

பச்சை விழுந்தது.
பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.
திரும்பிப் பார்த்தபடியே
கியரைப் போட்டார்.